குற்றமா, நோயின் குறியா?

பணியிடத்தில் ஒழுங்கை மீறியவர்மீது குற்றச்சாட்டுக் குறிப்பாணை தரப்படுவதும், விசாரணை அலுவலர் அமர்த்தப்படுவதும், இறுதியில் தண்டனை வழங்கப்படுவதும் நாம் அறிந்த நடைமுறையே. இவற்றில் நீதிமன்றங்கள் எளிதில் தலையிடுவதில்லை. விசாரணை முறையாக நடந்ததா எனப் பார்ப்பதே தன் பணி, மேல்முறையீட்டு அதிகாரிபோல் சான்றுகளை மீண்டும் எடைபோடுவதன்று என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வரையறுத்தது. ஆயினும், மீறலுக்கு நோயே காரணமாயிருந்தால் என்ன செய்வது?

அதே 1995இல் இயற்றப்பட்ட ஊனமுற்றோர் சட்டத்தின் 47ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்றது. பழைய வேலை இயலாதெனில், அதே ஊதியத்தில் வேறு பணி தரவேண்டும். அதுவும் இல்லையெனில், மிகைப் பணியிடம் உருவாக்கி அவரை வைத்திருக்க வேண்டும். கால் இழந்த காவலர் ஒருவருக்கு 2003இல் உச்ச நீதிமன்றம் இப்பாதுகாப்பை வழங்கியது. பார்வையிழந்த மின்வாரிய ஊழியர் ஒருவர், இச்சட்டத்தை அறியாமல் ஓய்வு கேட்டிருந்தார். அவருக்கு உரிமையை எடுத்துரைப்பது அதிகாரிகளின் கடமை என்று 2008இல் அது கூறியது.

கால் இழந்தவரைக் கண்கள் காண்கின்றன. மனம் நொந்தவரையோ நாம் 'திமிர் பிடித்தவர்', 'சண்டைக்காரர்' என்றுதான் காண்கிறோம். மத்திய சேமக் காவல் படை அதிகாரி ஒருவர்மீது 2010இல் தொடங்கிய விசாரணையும் இத்தகையதே. அவருக்கு எண்ணச் சுழல் நோயும் மனச்சோர்வும் இருந்தன. 2016இல் அரசு மருத்துவமனை ஒன்று அவரது ஊனத்தை 40 முதல் 70 விழுக்காடு என மதிப்பிட்டது. இவ்வழக்கு குவாஹாட்டி உயர் நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

2021 டிசம்பர் 17 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு, அவர்மீதான முதல் விசாரணையை இரத்துச் செய்தது. மன ஊனமுற்றோர் பணியிட ஒழுங்கை மற்றவரைப்போல் கடைப்பிடிக்க இயலாமையால், ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகும் வாய்ப்பு அவர்களுக்கு மிகுதி. எனவே அந்நடவடிக்கையே மறைமுகப் பாகுபாடாகும் என்றது. நோய் ஒன்றே முழுக் காரணமாய் இருக்கவேண்டியதில்லை; காரணங்களுள் ஒன்றாய் இருப்பதே போதும் என்றும் விளக்கியது.

இதனால் பிறருடைய பாதுகாப்பு புறக்கணிக்கப்பட்டதா? இல்லை. அவர் தற்போதைய பணிக்கு ஏற்றவரல்லர் எனத் தெரிந்தால், ஊதியமும் பணி நிலையும் குறையாமல் வேறு பணி தரலாம். துப்பாக்கியைக் கையாளத் தேவையில்லாத பணியாக அதைத் தேரலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. இதற்கு வழிகாட்டியது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவாகும்.

நம்முள் பலர் பள்ளிகளையும் அலுவலகங்களையும் நடத்துகிறோம். நெடுநாள் நன்கு உழைத்த ஒருவர் திடீரென மாறினால், குறிப்பாணையில் கையொப்பமிடுமுன் அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கவேண்டும். மேற்சொன்ன அதிகாரியின் வழக்கில் அக்கேள்விக்கு உரிய விடை கிடைக்கப் பதினோர் ஆண்டுகள் ஆயின.