'டிராகுலா' படத்தின் இரு பாடங்கள்

1931 பிப்ரவரியில் அமெரிக்க யூனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட 'டிராகுலா', பேசும்பட ஊழியில் அச்சம் விளைக்கும் படங்களுக்கு வழிகாட்டியது. இன்றும் அதனைச் சுவைத்துக் காணலாம். எனினும், அதன் முற்பகுதியின் சிறப்பு பிற்பகுதியில் இல்லை. இக்குறையை இயக்குநர் தாட் பிரௌனிங் மேல் ஏற்றுவர் சிலர். மூல நாடகத்தின் மேல் ஏற்றுவர் வேறு சிலர். எது பொருந்தும் என்பது ஆராய்தற்குரியது.

பிராம் ஸ்டோக்கரின் புதினம் (1897) நாட்குறிப்புகளாலும் மடல்களாலும் இயன்றது. ஹாமில்டன் டீன் 1924-இல் அதனை நாடகமாக்கினார். பால்டர்ஸ்டன் திருத்திய வடிவம் 1927-இல் நியூயார்க்கில் மேடையேறியது; டிராகுலாவாக நடித்தவர் பேலா லுகோசி. மலைக்கணவாயும் பாழ்ங்கோட்டையும் மேடையில் அடங்கா. ஆதலின் நாடகம் இங்கிலாந்தில் நிகழும் பகுதியளவில் சுருங்கிற்று. படமும் பெரிதும் அந்நாடக வழியதே.

ஆனால் படத்தின் தொடக்கம் புதினத்திற்கே மீள்கிறது. சிலந்திவலை படர்ந்த பெரும்படிகளில் விளக்கேந்தி நிற்கும் லுகோசியின் தோற்றமும், பின்னணி இசையற்ற அமைதியும், கார்ல் பிராய்ண்டின் ஒளிப்பதிவும் சேர்ந்து மறக்கவொண்ணா அச்சத்தைத் தருகின்றன. (அக்கோட்டையில் அமெரிக்க விலங்காகிய ஆர்மடில்லோ உலவுவது நகைப்பையும் தருகிறது!) கதை இங்கிலாந்தை அடைந்தபின்னரோ மாந்தர் அறையில் நின்று உரையாடுகின்றனர். புல்வெளியில் ஓடும் ஓநாயைச் சன்னலருகே நிற்பவர் சொல்லக் கேட்கிறோமேயன்றிக் காண்கிலோம். இரத்தம் உறிஞ்சும் பேயாக மாறிய லூசியின் முடிவு கூறப்படவேயில்லை.

நாடகமே இதற்கெல்லாம் காரணம் எனின், ஸ்பானிய வடிவம் தடையாக நிற்கிறது. ஜார்ஜ் மெல்ஃபோர்டு 1930-இல் அதே அரங்குகளில் இரவுதோறும் படமாக்கியது அது. கதையமைப்பும் பெரும்பாலும் ஒன்றே. எனினும் அங்கே ஒளிப்பதிவுக் கருவி தாராளமாக நகர்கிறது. லூசியின் முடிவும் புலனாகிறது. ஆங்கில வடிவம் ஏறத்தாழ 75 நிமிடம். ஸ்பானிய வடிவம் 104 நிமிடம். எனவே சுருக்கம் நாடகத்தின் கொடை; அசைவின்மை இயக்கத்தின் குறை என்பதே என் கருத்து. ஆயினும் ஸ்பானிய வடிவில் நடித்த கார்லோஸ் வில்லாரியாஸ் லுகோசிக்கு ஈடாகார். நீளமும் சிற்சில இடங்களில் சோர்வு தருகிறது.

ஆங்கிலப் பாடமும் பழுதின்றிக் கிட்டவில்லை. 1936 மறுவெளியீட்டின்போது, வான் சுலோன் அவையோரை நோக்கிப் பேசும் இறுதிக்காட்சி நீக்கப்பட்டது. டிராகுலாவின் சாவொலியும் அகற்றப்பட்டது. ஒலி பிற்காலத்தில் மீண்டது. அக்காட்சி இன்னும் படத்தில் சேர்க்கப்படவில்லை. ஸ்பானியப் படியிலோ ஒரு சுருள் சிதைந்திருந்தது. கியூபாவில் கிடைத்த படியே அவ்விடத்தை நிரப்பிற்று.