பார்பியானா: ஆறு பிள்ளைகளோடு தொடங்கிய ஒரு பள்ளிக்கூடம்

"இந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது." ஆசிரியர் அறையில் நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. இதற்குப் பிள்ளைகளே பதில் எழுதிய ஒரு வரலாறு இத்தாலியில் இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

1954 டிசம்பரில் லொரென்சோ மிலானி என்ற கத்தோலிக்க மதகுரு, புளோரன்ஸ் நகருக்கு வடக்கே மலையில் இருக்கும் பார்பியானாவுக்கு அனுப்பப்பட்டார். வசதியான குடும்பத்தில் பிறந்தவர். முன்பு இருந்த ஊரில் தொழிலாளர்களுக்கு இரவுப் பாடசாலை நடத்தியவர். மேலிடத்துக்குப் பிடிக்காததால்தான் இந்த இடமாற்றம். பார்பியானாவுக்கு ஒழுங்கான பாதை இல்லை, மின்சாரமும் இல்லை. காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில விவசாயக் குடும்பங்கள்.

ஆரம்பப் பாடசாலையோடு படிப்பை விட்ட ஆறு பையன்களை வைத்துத் தன் வீட்டிலேயே அவர் பள்ளிக்கூடம் தொடங்கினார். பிறகு பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் காட்டு வழியாக நடந்து வந்தார்கள். காலை முதல் மாலை வரை பாடம். விடுமுறையே கிடையாது. மூத்த பிள்ளை இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். ஒருவனுக்கு விளங்கவில்லை என்றால் அவனுக்கு விளங்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். தினமும் பத்திரிகை வாசித்து விவாதிப்பார்கள். சுவரில் ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள் எழுதியிருந்தன: 'ஐ கேர்'. எனக்கு அக்கறை உண்டு என்று அர்த்தம்.

1962இல் இத்தாலியில் 14 வயது வரையான படிப்புக்குப் பொதுவான இடைநிலைப் பாடசாலை சட்டமானது. ஆனாலும் அரச பாடசாலைகளில் பரீட்சையில் பெயிலாகி வெளியேறியவர்களில் பெரும்பாலானோர் ஏழைப் பிள்ளைகளே. ஆசிரியராக விரும்பி ஆசிரியர் பயிற்சிப் பாடசாலைக்குப் போன பார்பியானா மாணவர்களும் அங்கே பெயிலாக்கப்பட்டார்கள்.

மனமுடைந்து வீட்டில் இருக்காமல், எட்டு மாணவர்கள் சேர்ந்து ஒரு புத்தகமே எழுதினார்கள். ஆளுக்கொரு துண்டுக் கடதாசியில் கருத்தை எழுதி, வகை பிரித்து, வசனம் வசனமாகத் திருத்தினார்கள். 1967இல் 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற பெயரில் அது வெளிவந்தது. வைத்தியரின் மகனையும் விவசாயியின் மகனையும் ஒரே கோலால் அளப்பது நீதியா என்று புள்ளிவிபரங்களோடு கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை. யாரையும் பெயிலாக்காதீர்கள், பின்தங்கியவர்களுக்கு முழுநாள் பாடசாலை கொடுங்கள், ஆர்வமில்லாதவர்களுக்கு ஓர் இலக்கைக் காட்டுங்கள் என்று மூன்று வழிகளையும் சொன்னார்கள். புத்தகம் பல மொழிகளுக்குப் போனது.

அது வெளிவந்து சில வாரங்களில், ஜூன் 26ஆம் திகதி, மிலானி புற்றுநோயால் காலமானார். வயது 44. அவருக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடம் நீடிக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதம் கேட்ட கேள்வி நீடிக்கிறது.

புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் சித்தியடைந்த பிள்ளைகளுக்கு பேனர் கட்டுகிறோம், நல்லது. வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளையின் வீட்டுக்கு நம்மில் யார் போகிறோம்? ஊரில் பின்னேரம் சும்மா கிடக்கும் ஓர் அறை, சாதாரண தரம் முடித்த நாலு பிள்ளைகள், மாறி மாறி வர இரண்டு ஆசிரியர்கள். தொடங்க இது போதும். பார்பியானா இதைவிடக் குறைவாகத்தான் தொடங்கியது.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.