பாமினியில் உறங்கும் பெயர்கள்

சுனாமிக்குப் பிறகு சல்லியில் குடும்ப விபரம் எடுத்த பட்டியலொன்று போன கிழமை ஒரு பழைய சீடியில் எங்களுக்குக் கிடைத்தது. திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்துமில்லை. 'அம்மா' இருக்கவேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலம் நிற்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்தது, வேறென்ன!

வினாத்தாள், கலியாணக் கார்ட், மரண அறிவித்தல் எல்லாவற்றுக்கும் நாம் பாவித்தது பாமினிதான். கணினி 'எம்' என்றுதான் சேமிக்கும். அந்த எழுத்தின் இடத்தில் 'அ' வடிவத்தை வரைந்து வைத்திருந்தார்கள். தாளில் அச்சடிக்க அது போதும். எழுத்துரு இல்லாத கணினிக்கு அது வெறும் ஆங்கிலம். தமிழ்நாட்டில் 1999 சென்னை மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்று வேறு முறைகள் வந்தன. வெளிநாட்டுத் தமிழர் பலர் டிஸ்கி பாவித்தார்கள். ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் வாசிக்க முடியாது.

இதற்கெல்லாம் முன்பே, 1991இல், யுனிகோட் வெளிவந்திருந்தது. ஆசிரியர் கலாசாலையில் படித்த நாட்களில் அதை நாங்கள் திட்டாத திட்டில்லை. 247 எழுத்துள்ள மொழிக்கு 128 இடம். அதிலும் 'க'வுக்குப் பின் மூன்று இடம் வெறுமை, ஏனென்றால் ஹிந்திக்கு அங்கே மூன்று எழுத்து இருக்கிறது. 'ஜ' போய் 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் நடுவில் குந்தியிருக்கிறது. அந்த எண் வரிசைப்படியே இடாப்பை அடுக்கினால் தாஹிருக்கு முன் ஜமீலா வந்துவிடுவார். 'கொ' நமக்கு ஓரெழுத்து, அதற்கு இரண்டு. எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்துக்கு 160 இடமென்றால் தமிழுக்கு 70தான். கொஞ்சம் நீண்டால் இரண்டு செய்திக்குக் காசு.

இன்று யோசித்தால், 1988இல் இந்தியாவில் இஸ்கி முறையை வகுத்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் கையில் இருந்ததே 256 இடம். பாதி ஆங்கிலத்துக்குப் போக, மிச்சத்தில் இந்திய எழுத்துக்கள் எல்லாம் ஒரே அட்டவணையில் பொருந்த வேண்டும். ஆனால் யுனிகோட்காரருக்கு 65,536 இடம் இருந்தது. அவர்களும் அதே ஒழுங்கை அப்படியே எடுத்ததுதான் பிழை. 2010இல் தமிழ்நாடு அரசு ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் டேஸ்16ஐயும் ஏற்றது. நம் போன்களுக்கு அது வந்து சேரவில்லை.

கொடுத்த இடத்தை மாற்றுவதில்லை என்பது யுனிகோட்டின் விதி. அதனால் அந்தப் பிழை இனித் திருந்தாது. அதே விதியால்தான் இருபது வருடத்துக்கு முன் யுனிகோட்டில் எழுதியது இன்றும் அப்படியே திறக்கிறது. அகரவரிசையைத் தனி அட்டவணை வைத்துச் சரிசெய்துவிட்டார்கள். அழகாக அச்சான நம் பாமினிதான் சீடிக்குள் கிடக்கிறது.

பட்டியலை எழுத்து மாற்றியில் போட்டோம். எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று அதற்குத் தெரியாது. ஆங்கிலத்தில் அடித்திருந்த சொற்களும் தமிழாகிக் குழம்பிவிட்டன. ஒவ்வொரு பெயராகப் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறோம். அந்த நாட்களில் தட்டச்சு செய்தவர்கள் யாராவது இதை வாசித்தால், பழைய பிரதி ஏதும் வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தாளில் இருந்தால் இன்னும் நல்லது.