கைடு கையெழுத்துக்குக் காத்திருந்தவர்கள்

போடி, தேவாரம் பக்கத்துப் பிள்ளைகள் பிஎச்.டி. என்று மதுரைக்குப் பஸ் ஏறினால், இரண்டாம் வருஷத்துக்குள் ஊருக்குக் கொண்டுவரும் கதைகளில் பாதி கைடைப் பற்றியதாகத்தான் இருக்கும். சினாப்சிஸ் மேசையிலேயே கிடக்கிறது, பேப்பரில் முதல் பெயர் அவருடையது, போன வாரம் சரி என்றதை இந்த வாரம் அடித்துவிட்டார். புலம்பல் பழசு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பாயிரத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கியாயிற்று.

ஆசிரியராகத் தகாதவர்களுக்கு நன்னூல் நான்கு உவமை சொல்கிறது. கழற்சிக்காய் போட்ட குடம்: போட்ட வரிசை ஒன்று, கவிழ்த்தால் விழும் வரிசை வேறு. மடல் மண்டிய பனை: தானாக உதிர்த்தால் உண்டு, ஏறிப் பறிக்க விடாது. பஞ்சடைத்த குடுக்கை: கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். கடைசியாக முடத்தெங்கு. ஒருவன் தண்ணீர் பாய்ச்ச, வேலி தாண்டிச் சாய்ந்து அடுத்தவனுக்குக் காய் போடும் மரம். தேவாரத்துத் தோப்புக்காரர்களுக்கு இதை விளக்க உரையாசிரியர் வேண்டாம்.

மாணவனையும் நூல் சும்மா விடவில்லை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரி எல்லாம் கடை மாணாக்கர் கணக்கில் வருகின்றன. ஆசிரியரிடம் பழகும் முறைக்கும் விதி உண்டு: குளிர்காய்கிறவன் நெருப்பிடம் இருப்பதுபோல, விலகவும் கூடாது, ஒட்டவும் கூடாது. பட்டவர் எழுதிய விதி என்று தோன்றுகிறது.

1815இல் திருச்சிப் பக்கம் பிறந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு வாய்த்த நெருப்பு கஞ்சாவில் இருந்தது. தண்டியலங்காரம் பாடம் சொல்ல அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. தெரிந்தவர் ஒரு பரதேசி. வீடு வீடாகப் பிச்சையெடுப்பவர், லேசில் வாய் திறக்காதவர். பிள்ளை அவர் பின்னாலேயே நடந்தார், அவருக்குப் பிரியமான கஞ்சாவை வாங்கிக் கொடுத்தார். அணியிலக்கணம் அப்படித்தான் வந்து சேர்ந்தது. இதை மறைக்காமல் எழுதிவைத்தவர் அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையரேதான். எந்த பெல்லோஷிப்பிலும் இந்தச் செலவுக்குத் தலைப்பு கிடையாது.

அந்தச் சாமிநாதையர் 1871இல், 16 வயதில், மாயூரத்துக்குப் பிள்ளையிடம் படிக்கப் போனார். பாடம் சொல்வதில் பிள்ளை வள்ளல். பஞ்சடைத்த குடுக்கைக்கு நேர் எதிர். ஆனால் பையனுக்கு இட்டிருந்த வேங்கடராமன் என்ற பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு பெயர் உண்டா என்று கேட்டு, வீட்டில் கூப்பிடும் சாமிநாதனையே நிலைக்க வைத்துவிட்டார். இன்றைய கைடுகள் ஆய்வுத் தலைப்பை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அடுத்தது சங்கீதம். அப்பாவின் ஆசைப்படி பையன் அதே ஊரிலிருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடமும் பாட்டுக் கற்றான். பிள்ளையிடம் மூச்சு விடவில்லை. பாட்டுப் பக்கம் போனால் தமிழ் நூல்களில் கருத்து நிற்காது என்பது பிள்ளையின் எண்ணம். ஒருநாள் பாரதியார் வாயாலேயே விஷயம் வெளியே வர, பாட்டு அன்றோடு நின்றது. இரண்டு கைடு வைத்துக்கொண்டு ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரைச் சமாளிப்பது அன்றைக்கும் நடக்கவில்லை.

பாரதியாரும் அதே வாசலில் காத்திருந்தவர்தான். தன் கீர்த்தனை நூலான நந்தனார் சரித்திரத்துக்குப் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் (நூலைப் பாராட்டும் முன்னுரைச் செய்யுள்) கேட்டுப் பலமுறை நடந்தார். அதிலிருந்த இலக்கணப் பிழைகள் பிள்ளைக்கு உறுத்தின; தள்ளிக்கொண்டே போனார். கடைசியில், பிள்ளை படுத்திருந்த வேளையில் பாரதியார் அந்தக் கீர்த்தனைகளில் ஒன்றைத் தன்பாட்டுக்குப் பாட, உள்ளே கேட்டவர் உருகிப்போய்ப் பாயிரம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இப்போது பாடத் தெரியவேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி ஒரு பேராசிரியரிடம் ஒரே சமயத்தில் 8 பேருக்கு மேல் சேர முடியாது. ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வாளர் ஆலோசனைக் குழு முன் நின்று செய்த வேலையைச் சொல்ல வேண்டும். அந்தக் குழுவைக் கூட்டும் பொறுப்பு கைடுக்கு.