தாங்காதென்ற தீர்ப்பு

1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் லீனா ராட்கே என்னும் ஜெர்மானிய மாது, 800 மீட்டரை 2 நிமிடம் 16.8 விநாடியில் ஓடி முதல்வரானார். ஒலிம்பிக்கில் பெண்கள் ஓட அனுமதி பெற்ற முதல் ஆண்டு அதுவே. அவர்களுக்கு அந்நாளில் அதுவே நெடுந்தூரம். இறுதிப் பந்தயத்தில் ஓடிய 9 பேரும் எல்லையை எட்டினர். ஆயினும் சில பத்திரிகைகள், பெண்கள் வழியிலேயே மயங்கி வீழ்ந்தனரென்று நடவாததை எழுதின. அதையே சாக்காகக் கொண்டு பெரியோர், பெண்ணுடல் இதைத் தாங்காதெனத் தீர்ப்பளித்தனர். 1960-இல் ரோமாபுரியில்தான் அப்பந்தயம் மீண்டும் இடம் பெற்றது. ராட்கே அம்மையாரின் உலக சாதனையோ 1944 வரை நிலைத்திருந்தது.

பெண்ணுடல் தாங்காதாம்! அதே ஆண்டுகளில் நம் மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, வாளி சுமந்தவர்கள் யார்? அவர்கள் உடலைப் பற்றி எந்தக் கனவானும் கவலைப்பட்டதாக நாம் கேட்டதில்லை. கூலி கொடுக்கும்போது மாத்திரம் பெண்ணென்பது நினைவுக்கு வந்தது.

அத்தீர்ப்பைப் பொய்யாக்கியவர்களில் நம்மவரும் உண்டு. பேராக்கைச் சேர்ந்த மயில்வாகனம் ராஜாமணி, 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடினார். பெண்களுக்கு அப்பந்தயமே அவ்வாண்டுதான் வந்தது. மறு ஆண்டு தென்கிழக்காசியத் தீபகற்பப் போட்டிகள் கோலாலம்பூரில் நடந்தன. பிரிக்பீல்ட்ஸ் வாசிகள் நடந்தே போகக்கூடிய மெர்டேக்கா அரங்கில் அவர் 400, 800 இரண்டிலும் தங்கம் வென்றார். 1966-இல் பாங்காக் ஆசியப் போட்டியிலும் 400 மீட்டர் தங்கம் அவருடையதே.

மராத்தான் கதவு இன்னும் மெல்லத் திறந்தது. ஜெர்மனியில் வால்ட்நீல் என்னும் ஊரில், மருத்துவர் எர்ன்ஸ்ட் வான் ஆக்கன் 1973-இல் பெண்களுக்கென்றே மராத்தான் நடத்திக் காட்டினார். அதற்குப் பின்னும் ஒலிம்பிக்குக்கு 11 ஆண்டுகள் தேவைப்பட்டன.