கோடைக்கானல் சூரியப் பட ஆவணமும் கோப்புறை மரமும்

கோடைக்கானல் சூரியப் பட ஆவணம் என்பது பழனி மலைத்தொடரில் அமைந்த கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுக்கப்பட்ட சூரியப் படங்களின் தொகுப்பு ஆகும். கண்ணாடித் தட்டுகளிலும் படச்சுருள்களிலும் பதிவான இப்படங்கள் பின்னர் எண்மமாக்கப்பட்டுக் கணினிக் கோப்புகளாக மாறின. ஒரு நூற்றாண்டைத் தாண்டிய இத்தகைய தொகுப்பைக் கணினியில் வைத்துத் தேடுவோருக்கு முதலில் கண்ணில் படுவது கோப்பு மேலாளரின் இடப்புறத்தில் தெரியும் கோப்புறை மரம். அம்மரத்தின் கிளைகளை எந்த வரிசையில் பிரிப்பது, எவற்றைக் காட்டுவது, எவற்றை மறைப்பது என்பவை வெறும் வசதி சார்ந்த கேள்விகள் அல்ல. எந்தப் படம் கையில் கிடைக்கும், எது கண்ணில் படாமலே போகும் என்பதை அவையே முடிவு செய்கின்றன.

ஆய்வகத்தின் தோற்றம்

கோடைக்கானல் ஆய்வகத்தின் வேர் சென்னையில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைத்த சென்னை வானாய்வகம் விண்மீன்களின் இருப்பிடங்களை அளந்து பட்டியலிட்டுவந்தது. 1876–78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனில் ஏற்படும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. சூரியனைத் தொடர்ந்து கண்காணிக்க ஒரு மலை ஆய்வகம் வேண்டும் என முடிவாயிற்று. சார்லஸ் மிச்சி சுமித் கோடைக்கானலைத் தேர்ந்தார். 1895இல் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வாய்வகத்தில் 1901இல் கண்காணிப்புப் பணி தொடங்கியது.

மழையை முன்கூட்டிச் சொல்லும் நோக்கம் எதிர்பார்த்தபடி நிறைவேறவில்லை. ஆனால் அதற்காகத் தொடங்கிய நாள்தோறும் படமெடுக்கும் வழக்கம் நின்றுவிடவில்லை. ஜான் எவர்ஷெட் 1907இல் இங்குப் பணியில் சேர்ந்தார். 1909 சனவரியில் சூரியப் புள்ளிகளின் ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அது இன்று எவர்ஷெட் விளைவு எனப்படுகிறது. 1971இல் ஆய்வகம் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கீழ் வந்தது.

தட்டுகளில் இருந்த ஒழுங்கு

ஆய்வகத்தில் ஒரே சூரியன் பல வகைகளில் படமாக்கப்பட்டது. 1904 முதல் எடுக்கப்பட்ட வெண்ணொளிப் படங்கள் சூரியப் புள்ளிகளைக் காட்டுகின்றன. கால்சியம் கே கோட்டில், அதாவது 393.4 நானோமீட்டர் அலைநீளத்தில், எடுத்த படங்கள் அதற்கு மேலுள்ள நிறமண்டலத்தைக் காட்டுகின்றன. இவ்வகையில் 1907 முதல் 2007 வரையிலான ஒரு நூற்றாண்டுத் தொடர் ஆய்வுக்குப் பயன்பட்டுள்ளது. 656.3 நானோமீட்டரில் அமைந்த ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டுப் படங்கள் 1912இல் தொடங்குகின்றன.

வெண்ணொளித் தட்டில் சூரிய வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 20 செ.மீ.; கால்சியம் தட்டில் 6 செ.மீ. மட்டுமே. அளவு வேறு, கருவி வேறு என்பதால் இரு வகைத் தட்டுகளும் ஒரே பெட்டியில் அடங்கா. எனவே பொருள்களின் உலகில் முதற்பிரிவு ஒளியின் வகையாகவே அமைந்துவிடுகிறது. அதற்குள் தேதி வரிசை வருகிறது. ஒரு கண்ணாடித் தட்டு ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். அதை வைத்த இடமே அதைத் தேடும் வழியும் ஆகும். தேதியும் நேரமும் எழுதப்படாத தட்டு ஒரு சூரியனின் படமாக இருக்குமே தவிர, சான்றாக இராது.

எண்மமாக்கம்

தட்டுகள் காலப்போக்கில் மங்கும், உடையும், பூஞ்சை பிடிக்கும். அவற்றைக் காக்கவும் உலகெங்கும் உள்ளோர் பயன்படுத்தவும் ஏதுவாகப் படங்கள் எண்மமாக்கப்பட்டன. 4,096 × 4,096 படப்புள்ளிகளும், புள்ளி ஒன்றுக்கு 16 பிட்டுகளும் கொண்டு இப்பணி செய்யப்பட்டது. இக்கணக்கில் ஒரு படத்தின் மூலக்கோப்பு ஏறத்தாழ 33 மெகாபைட். கால்சியம் கே தொகுப்பில் மட்டும் 48,000க்கு மேற்பட்ட படங்கள் உள்ளன. அவை மட்டுமே 1.5 டெராபைட்டைத் தாண்டும். தொகுப்பின் பெரும்பகுதி இணையத்தில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டுள்ளது.

இத்தனை கோப்புகளையும் ஒரே கோப்புறையில் இட்டால், அதைத் திறப்பதற்கே கோப்பு மேலாளர் திணறும். ஆண்டு, மாதம் எனப் பிரித்தால் 100 ஆண்டுகளுக்கு 1,200 கோப்புறைகள் அமையும். ஒவ்வொன்றிலும் சராசரியாக 40 படங்கள் இருக்கும். கண்ணால் பார்த்துத் தேடக்கூடிய அளவு அதுவே. மரம் செய்யும் வேலை இதுதான்: ஐம்பதாயிரத்தில் ஒன்றைத் தேடும் பணியை, நூற்றில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று, நாற்பதில் ஒன்று என மூன்று சிறிய தேடல்களாக்குகிறது.

கோப்புறை மரத்தின் வரலாறு

கோப்புறைக்குள் கோப்புறை வைக்கும் முறை 1960களில் உருவானது. மல்டிக்ஸ் இயங்குதளத்துக்காக 1965இல் வெளியான கட்டுரை ஒன்று படிநிலைக் கோப்பு முறையை விரிவாக முன்வைத்தது. யுனிக்ஸ் அதை எளிமைப்படுத்திப் பரவலாக்கியது. தனிநபர் கணினிகளில் எம்.எஸ்.-டாஸ் 2.0 பதிப்பு 1983இல் உட்கோப்புறைகளைக் கொண்டுவந்தது. ஆனால் மரம் வட்டில் இருந்ததே தவிர, திரையில் எப்போதும் தெரிவதாக இல்லை. பயனர் பாதையை நினைவில் வைத்துத் தட்டச்சுச் செய்ய வேண்டியிருந்தது.

1985இல் வந்த எக்ஸ்-ட்ரீ என்ற மென்பொருள் அம்மரத்தைக் கோடுகளால் வரைந்து காட்டியது. 1990இல் விண்டோஸ் 3.0இன் கோப்பு மேலாளரும், விண்டோஸ் 95இன் எக்ஸ்புளோரரும் மரக்காட்சியைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தன. இடப்புறம் மரம், வலப்புறம் உள்ளடக்கம் என்ற அமைப்பு அப்போது நிலைபெற்றது.

பின்னர் வந்த மாற்றங்கள் எல்லாரையும் மகிழ்விக்கவில்லை. 2009இல் வெளியான விண்டோஸ் 7இல், வலப்புறம் ஒரு கோப்புறைக்குள் நுழைந்தாலும் இடப்புற மரம் தானாக அதுவரை விரியாது. அதற்கான விருப்பத்தைப் பயனரே தேர்ந்தெடுக்க வேண்டும். லினக்சில் நாட்டிலஸ் கோப்பு மேலாளர் 2012இல் வெளியான 3.6 பதிப்பில் பக்கப்பட்டை மரத்தையே நீக்கியது. அதே ஆண்டு லினக்ஸ் மின்ட் குழுவினர் அதன் நிரலிலிருந்து நீமோ என்ற தனி மேலாளரை உருவாக்கினர். அதில் மரக்காட்சி தொடர்ந்தது. பயனர் பழகிய வழியை மாற்றும்போது, அவர் தேடிய பொருளும் தொலைந்ததுபோல் ஆகிவிடுகிறது.

ஒரு தொகுப்பு, மூன்று மரங்கள்

சூரியப் படங்களைப் பல வகையாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு பிரிப்பும் ஒரு கேள்விக்கு எளிதாக விடை தரும், மற்றொன்றைக் கடினமாக்கும்.

முதல் மரம் ஒளிவகையில் தொடங்கி ஆண்டு, மாதம் எனச் செல்வது. நூறு ஆண்டுகளின் சூரியப் புள்ளிகளை அளப்பவருக்கு இது ஏற்றது. அவர் வெண்ணொளிக் கிளையை மட்டும் திறந்தால் போதும்.

இரண்டாம் மரம் தேதியில் தொடங்கி இறுதியில் ஒளிவகையாகப் பிரிவது. ஒரு குறிப்பிட்ட நாளில் சூரியனில் நடந்ததை அறிய விரும்புபவருக்கு மூன்று வகைப் படங்களும் அருகருகே வேண்டும். முதல் மரத்தில் அவர் மூன்று கிளைகளில் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் மரம் நாட்காட்டியைப் பின்பற்றாமல் சூரியனின் சுழற்சியைப் பின்பற்றுவது. பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் சராசரியாக 27.28 நாட்களில் ஒருமுறை சுழல்கிறது. 1853 நவம்பர் முதல் இச்சுழற்சிகளுக்குக் காரிங்டன் எண்கள் வழங்கப்படுகின்றன. 100 ஆண்டுகளில் ஏறத்தாழ 1,340 சுழற்சிகள் வருகின்றன. இவற்றின் தொடக்கம் மாதங்களின் தொடக்கத்தோடு பொருந்துவதில்லை. சூரிய முழுமேற்பரப்பின் வரைபடம் தயாரிப்பவருக்கு சனவரி, பிப்ரவரி என்ற கிளைகளால் பயன் குறைவு.

வட்டில் உள்ள கோப்புறை மரத்துக்கு அடிமரம் ஒன்றே. மூன்று கேள்விகளுக்காக 1.5 டெராபைட்டை மும்முறை நகலெடுப்பது வீண். நகல்கள் பெருகினால் எது மூலம், எது திருத்தப்பட்டது என்ற குழப்பமும் வரும்.

மரத்தைத் தேவைக்கேற்ப அமைத்தல்

இதற்குத் தீர்வு, கோப்புகளை இடம் மாற்றாமல் காட்சியை மாற்றுவது. மூலத் தொகுப்பை ஒரே வரிசையில் நிலையாக வைத்து, மற்ற மரங்களைக் குறியீட்டு இணைப்புகளால் கட்டலாம். குறியீட்டு இணைப்பு என்பது வேறொரு கோப்பையோ கோப்புறையையோ சுட்டும் சிறு பதிவு. யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் இது 1980களிலேயே இருந்தது. விண்டோசில் விஸ்டா பதிப்பு முதல் கிடைக்கிறது. காரிங்டன் எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்புறையில் அச்சுழற்சிக்குரிய படங்களின் இணைப்புகளை மட்டும் இடலாம். விண்டோசின் வழக்கமான குறுக்குவழிக் கோப்பு இதற்கு உதவாது. அது வலப்புறத்தில் தெரியுமே தவிர, மரத்தில் கிளையாக விரியாது.

கோப்பு மேலாளரிலும் சில அமைப்புகள் உண்டு. விண்டோசில் இடப்புறப் பலகத்தின் வெற்றிடத்தில் வலச்சொடுக்கினால், எல்லாக் கோப்புறைகளையும் காட்டுதல், திறந்த கோப்புறை வரை மரத்தை விரித்தல் ஆகிய விருப்பங்கள் தோன்றும். இரண்டாவது விருப்பத்தைத் தேர்ந்தால், 1909 சனவரிக் கோப்புறையில் இருப்பவருக்குத் தாம் எந்தக் கிளையில் நிற்கிறோம் என்பது எப்போதும் தெரியும். கே.டி.இ. சூழலின் டால்ஃபின் மேலாளரில் எஃப்7 விசை கோப்புறைப் பலகத்தைத் திறக்கும். மரத்தைப் பயனரின் முகப்புக் கோப்புறைக்குள் மட்டும் சுருக்கும் வசதி அதில் உண்டு. அடிக்கடி செல்லும் கிளைகளைப் பக்கப்பட்டையில் பொருத்திவைக்கும் வசதி பெரும்பாலான மேலாளர்களில் இருக்கிறது.

பெயரும் தேதியும்

மரத்தின் வரிசை, கோப்புறைகளின் பெயரைச் சார்ந்தது. மாதங்களைத் தமிழ் எழுத்தில் பெயரிட்டால் அகரவரிசைப்படி அக்டோபர் முதலிலும் அதன்பின் ஆகஸ்ட், ஏப்ரல் ஆகியவையும் வரும். 1, 2, 10 என்று எண்ணிட்டால், எழுத்துவாரியாக வரிசைப்படுத்தும் மென்பொருளில் 10 என்பது 2க்கு முன் நிற்கும். விண்டோஸ் எக்ஸ்பி முதல் எக்ஸ்புளோரர் எண்களை மதிப்பின்படி வரிசைப்படுத்துகிறது. எல்லா மென்பொருள்களும் அவ்வாறு செய்வதில்லை. 01, 02 என இரண்டு இலக்கங்களிலும், ஆண்டை நான்கு இலக்கங்களிலும் எழுதுவது எங்கும் பிசகாது.

நான்கு இலக்கம் என்பது கோடைக்கானல் தொகுப்புக்குக் கூடுதலாகப் பொருந்தும். வானியல் படங்களுக்குரிய ஃபிட்ஸ் கோப்பு வடிவத்தில் முன்பு ஆண்டு இரண்டு இலக்கங்களில் எழுதப்பட்டது. அவை 1900களைக் குறிப்பதாகக் கொள்ளப்பட்டன. 1997இல் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் நான்கு இலக்க ஆண்டுமுறை ஏற்கப்பட்டது. 1907இல் தொடங்கி 2007 வரை செல்லும் தொகுப்பில் 07 என்று மட்டும் எழுதினால், எவர்ஷெட் காலமும் நம் காலமும் ஒரே கிளையில் கலந்துவிடும்.

நேரத்திலும் கவனம் தேவை. இந்தியத் திட்ட நேரம் 1906இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் வழங்கிய சென்னை நேரம் அதைவிட ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கியது. உலக நேரமோ இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. கோடைக்கானலில் சூரியன் உதிப்பது காலை ஐந்தரை மணிக்குப் பிறகே என்பதால், எந்த நேரமுறையிலும் படத்தின் தேதி மாறாது. தேதிக் கிளை பத்திரமாக இருக்கும். ஆனால் கோப்புப் பெயரில் உள்ள மணி எந்த நேரமுறைக்குரியது எனத் தெரியாவிட்டால் பிழை நேரும். ஐந்தரை மணி நேரத்தில் சூரியனின் முகத்தில் ஒரு புள்ளி சுமார் 3 பாகை நகர்ந்துவிடும்.

வெற்றுக் கிளைகள்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பழனி மலையை மேகம் மூடும். அந்நாட்களில் படங்கள் குறையும். நேர்த்தி கருதிக் காலியான கோப்புறைகளை அழித்துவிடும் பழக்கம் கணினிப் பயனரிடையே உண்டு. அறிவியல் ஆவணத்தில் வெற்றுக் கிளையும் ஒரு செய்தியே. அன்று வானம் மூடியிருந்ததா, தட்டு உடைந்ததா, கோப்பு நகலெடுக்கப்படாமல் விடுபட்டதா என்பவை வேறு வேறு நிலைகள். காலியான தேதிக் கோப்புறையில் காரணத்தைச் சொல்லும் சிறு உரைக்கோப்பு ஒன்றை வைத்தால், பின்னாளில் வருபவர் இல்லாத படத்தைத் தேடிக் காலம் கழிக்கமாட்டார்.

பஞ்சத்துக்கு விடை தேடி எடுக்கப்பட்ட தட்டுகள் இன்று சூரியனின் நீண்டகால மாற்றங்களை அறியப் பயன்படுகின்றன. எடுத்தவர்கள் எண்ணியிராத கேள்விகளுக்கு அவை விடை தருவதற்குக் காரணம், ஒவ்வொரு தட்டிலும் தேதியும் நேரமும் குறிக்கப்பட்டு அவ்வொழுங்கு கலையாமல் காக்கப்பட்டதே. கணினியிலும் விதி அதுவே: மூலத்தின் வரிசை அசையாமல் இருக்க வேண்டும், அதைக் காட்டும் மரத்தைக் கேள்விக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.