எண்ணூர் ஆஸ்டினும் திருவொற்றியூர் புல்லட்டும்

பி.காம் படிக்கிறவனுக்குப் பழைய கார் ரிப்பேரைப் பற்றி என்ன தெரியும் என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரு வண்டி எத்தனை வருஷம் ஓடும் என்பது மெக்கானிக் விஷயம் மட்டும் இல்லை, வணிகவியல் விஷயமும்தான். அக்கவுண்டன்சியில் தேய்மானம் போடும்போது ஒவ்வொரு சொத்துக்கும் ஓர் ஆயுள் வைக்கிறோம் இல்லையா? அந்த ஆயுளை உண்மையில் யார் தீர்மானிக்கிறார்கள்? இதற்குப் பதில் சொல்லும் இரண்டு கதைகள் எங்கள் வடசென்னையிலேயே இருக்கின்றன.

முதல் கதை எண்ணூர். எண்ணூர் என்றாலே லாரியும் பஸ்ஸும்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது கார் செய்வதற்கு! 1948 செப்டம்பரில் ரகுநந்தன் சரண் என்ற தொழிலதிபர் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். 'அசோக்' என்பது அவருடைய மகன் பெயர். இங்கிலாந்திலிருந்து ஆஸ்டின் ஏ40 காரைப் பாகம் பாகமாக வரவழைத்து இங்கே பூட்டி விற்பதுதான் திட்டம். 1949ல் எண்ணூரிலிருந்து முதல் ஆஸ்டின் வெளியே வந்தது.

ஏ40 பெரிய சொகுசுக் கார் ஒன்றும் இல்லை. 1200 சிசி இன்ஜின், 40 குதிரைத்திறன். ஆனாலும் அந்தக் காலத்தில் சொந்தக் கார் என்பதே பெரிய சொகுசு.

பிறகு வந்தது 1953ம் வருஷத்து டாரிஃப் கமிஷன் அறிக்கை. வெளிநாட்டுப் பாகங்களை வாங்கிப் பூட்டுவதோடு நிற்கும் கம்பெனிகள் நமக்கு வேண்டாம், இங்கேயே படிப்படியாகப் பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்பது அதன் சாரம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. எண்ணூர் வேறு வழியில் போனது. ஏற்கெனவே லேலண்ட் லாரிகளைப் பூட்டத் தொடங்கியிருந்த அந்தக் கம்பெனி 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. ஆஸ்டின் கதை அங்கே முடிந்தது.

கம்பெனிக்கு அது சரியான முடிவு. நாட்டுக்கும் நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே ஆஸ்டின் வாங்கியவர் கதி? ஸ்பேர் பார்ட்ஸ் செய்யும் அச்சும் மெஷினும் இங்கிலாந்தில், கார் மெட்ராஸில், நடுவில் இறக்குமதிக் கட்டுப்பாடு!

அந்தக் கால பிரிட்டிஷ் கார்களைப் பராமரிப்பதும் லேசு இல்லை. போல்ட், நட்டு பெரும்பாலும் விட்வொர்த், பி.எஸ்.எஃப் அளவு. இன்றைய மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் 'எர்த்' ஆகியிருக்கும். இன்றைய வழக்கப்படி நெகட்டிவை எர்த் செய்து இணைத்தால் டைனமோவுக்கு ஆபத்து. ஏ40 டெவன் மாடலில் முன் சக்கர பிரேக் ஹைட்ராலிக், பின் சக்கர பிரேக் கம்பி இழுக்கும் வகை. இரண்டையும் பொருத்தமாகச் சரிசெய்யத் தெரிய வேண்டும். இதற்கெல்லாம் மேலே எங்கள் கடற்கரையின் உப்புக் காற்று வேறு. தகட்டைச் சும்மா விடுமா?

மெட்ராஸ் மெக்கானிக்குகள் கண்ட வழி 'மாற்று'. இல்லாத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்தார்கள். புதுப்பேட்டை மாதிரி இடங்களில் வேறு காரின் பாகத்தைத் தேடிப் பிடித்து, அரத்தால் ராவிப் பொருத்தினார்கள். சில பழைய கார்களுக்கு இன்ஜினையே மாற்றினார்கள். கார் ஓடியது, ஆனால் பழைய காராக இல்லை.

இப்போது இரண்டாவது கதை. எண்ணூருக்குக் கொஞ்சம் தெற்கே திருவொற்றியூர். 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கினார்கள். முதலில் இதுவும் பாகங்களை வரவழைத்துப் பூட்டும் வேலைதான். ஆனால் 1957ல் புல்லட்டின் பாகங்களைச் செய்யும் கருவிகளே இங்கே வந்துவிட்டன. 1962க்குள் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராகின. சில வருஷங்களில் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது. நம் புல்லட் நிற்கவில்லை. 1977ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது! தாய்வீடு இடிந்த பிறகு மகள் சீர் கொண்டுபோன கதை.

இரண்டும் பிரிட்டிஷ் வண்டி. இரண்டும் அதே கடற்கரை, அதே உப்புக் காற்று. வித்தியாசம் ஒன்றுதான். ஒன்றுக்கு அச்சு இங்கே வந்தது, மற்றதற்கு வரவில்லை.

மூன்றாவதாக ஒரு வெளிநாட்டு உதாரணம். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த இரண்டு கதவு, மூடிய கூரை கார்களை 'கிராண்ட் டூரிங்' கூபே என்பார்கள். அதில் பிரபலமானது 1965ல் வந்த எம்.ஜி.பி ஜி.டி. இதன் 1798 சிசி இன்ஜின் நம் எண்ணூர் ஏ40 இன்ஜினின் வாரிசு. அந்த இன்ஜினை அடிப்படையாக வைத்துத்தான் 'பி சீரிஸ்' இன்ஜினை உருவாக்கினார்கள். நம் அம்பாசிடரில் பல காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் அதே குடும்பம்தான். அதாவது மறைந்துபோன ஆஸ்டினின் தம்பி ஊர் முழுக்க டாக்சியாக ஓடிக்கொண்டிருந்தான்!

எம்.ஜி.பி.க்குத் தனி சேஸிஸ் கிடையாது. தகட்டுப் பாடிதான் முதுகெலும்பு. கதவுக்குக் கீழே உள்ள பகுதி துருப்பிடித்தால் காரின் பலமே போச்சு. 1980ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் எம்.ஜி.பி பாடிகளையே புதிதாகச் செய்து விற்கிறது. ஆக, அந்தக் காரின் ஆயுளைத் தீர்மானித்ததும் அச்சுதான்.

இது வெறும் பழங்கதை இல்லை. 2021ல் மத்திய அரசு 50 வருஷத்துக்கு மேலான வண்டிகளுக்கு 'வின்டேஜ்' பதிவு முறையைக் கொண்டுவந்தது. நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும், புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நிபந்தனை, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருந்தால் தகுதி இல்லை.

அசலைக் காப்பாற்றுவது நல்ல நோக்கம்தான். ஆனால் நம் ஊரில் 'மாற்றம்' என்பது பெரும்பாலும் ஆசைப்பட்டுச் செய்தது இல்லை. பாகம் வராத காலத்தில் காரை காயலான் கடைக்கு அனுப்பாமல் காத்த வேலை அது. லேத்தில் கடைந்த அந்தப் பாகமும் 1953 அறிக்கையைப் போலவே ஒரு சரித்திர ஆவணம். எந்தக் காலத்தில், எந்தக் கட்டாயத்தில் மாற்றியது என்று பார்த்து, அதற்கும் ஓர் இடம் கொடுக்கும் பிரிவு சட்டத்தில் வேண்டும் என்பது என் கருத்து.

தாத்தா காலத்துக் கார் உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு வேண்டுகோள். மெக்கானிக் கழற்றிப் போடும் பாகத்தை எடைக்குப் போடாதீர்கள். என்றைக்கு, எதை, ஏன் மாற்றினோம் என்று ஒரு நோட்டில் எழுதி, பில்லோடு சேர்த்து வையுங்கள். தேய்மானக் கணக்கில் அந்தக் காரின் மதிப்பு எப்போதோ பூஜ்யம் ஆகியிருக்கும். அதன் சரித்திரத்துக்கு அந்த நோட்டுதான் கணக்குப் புத்தகம்.